லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்னும் பின்னும்

சர்வீஸ் கடைக்காரர் கூடுதலாக 500 ரூபாய் வாங்கினால் பில்லிலேயே தெரிந்துவிடும். 3200 வேக ரேமைக் கழற்றிவிட்டு அதைவிட மெதுவான 2666 போட்டாலோ, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் திரைக்குப் பதில் மலிவான டிஎன் திரையை மாட்டினாலோ எந்தப் பில்லிலும் வராது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாதவரிடம் எதை மாற்றினாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் கடையானாலும் இதே கதைதான். அதனால் வேலை வீட்டிலேயே தொடங்குகிறது.

மெஷின் ஓடும் நிலையில் இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் ரேம் அளவு, வேகம், எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது என்பதெல்லாம் வரும். படம் பிடித்துக்கொள்ளுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டியின் (உங்கள் கோப்புகள் இருக்கும் டிஸ்க்) மாடல், சீரியல் எண், மொத்தம் ஓடிய மணிநேரம், ஆரோக்கிய சதவீதம் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும். அதையும் பிடியுங்கள். லேப்டாப்பின் அடிப்பக்கம், ஸ்டிக்கர், திருகுகள், சார்ஜரின் சீரியல் எண் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்.

ஆன் ஆகாத மெஷினைக் கடைக்குத் தூக்கும் முன் ஒரு சோதனை. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டுப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் திரை வராவிட்டால் ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களை அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, ‘கிளிக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள். தேதி அடிக்கடி பின்னால் போனால் அது 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்ததன் அடையாளம். இந்த மூன்றுக்கும் கடையே தேவையில்லை.

அடுத்தது தரவு. கீபோர்டு, ஹிஞ்ச் (திரையை மடக்கும் கீல்), திரை, சார்ஜிங் ஜாக் போன்ற வேலைகளுக்கு உங்கள் எஸ்எஸ்டி கடையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலான லேப்டாப்களில் எம்.2 என்ற சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டி ஒரே ஒரு திருகில் நிற்கிறது. பேட்டரி கனெக்டரைக் கழற்றிய பின் அதை எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். கடைக்காரர் தன்னுடைய டிஸ்க்கை வைத்துச் சோதிக்கட்டும். எடுக்க முடியாவிட்டால் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுங்கள், பிரவுசரிலும் வாட்ஸ்அப்பிலும் லாக் அவுட் செய்யுங்கள், கடைக்கென்று தனியாக ஒரு லோக்கல் அக்கவுண்ட் போட்டு அதன் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள். வீண் பயம் என்று தோன்றலாம். கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒலிக்கான மென்பொருளான ஆடியோ டிரைவரை மட்டும் முடக்கி, ரகசியமாகப் பதிவு செய்யும் ஏற்பாட்டோடு லேப்டாப்களை 16 கடைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு கடைகளில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள்; இரண்டில் நகலும் எடுத்திருந்தார்கள்.

விண்டோஸ் 11 மெஷின் என்றால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் குறித்து வையுங்கள். மதர்போர்டு மாறினால் மெஷின் அதைக் கேட்கும். அது கையில் இல்லாதபோதுதான் “டேட்டா போச்சு சார், ஃபார்மட் பண்ணணும்” என்ற வசனம் வரும்.

கடையில் ஜாப் ஷீட் (வேலை விவரச் சீட்டு) வாங்காமல் நகராதீர்கள். மாடல், சீரியல் எண், ரேம், எஸ்எஸ்டி அளவு, உங்கள் வார்த்தையில் கோளாறு, இவ்வளவு ரூபாய்க்கு மேல் போனால் கேட்டுத்தான் செய்ய வேண்டும், டேட்டா அழிக்கக் கூடாது, மாற்றிய பழைய பாகம் திரும்ப வேண்டும் என இத்தனையும் அதில் இருக்கட்டும். “எல்லாம் நம்ம கடைதான், எழுத வேண்டாம்” என்று சொன்னால் வேறு கடை பாருங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது “மதர்போர்டு போயிடுச்சு” என்ற தீர்ப்பில். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சார்ஜரிலிருந்து மின்சாரம் வரும் 19 வோல்ட் லைனில் கெப்பாசிட்டர் என்ற சிறு பாகம் ஒன்று ஷார்ட் ஆனாலும் மெஷின் செத்த மாதிரிதான் கிடக்கும். அந்தப் பாகம் சில ரூபாய்தான். கண்டுபிடிக்கும் உழைப்புக்குத்தான் கூலி, அதைக் கொடுப்பது நியாயம். “எந்த லைன்ல ஷார்ட்? டிசி சப்ளைல போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். போர்டில் பாகம் பாகமாகப் பழுது பார்க்கும் சிப் லெவல் வேலை தெரிந்தவர் மீட்டரைக் காட்டுவார், தெரியாதவர் கோபப்படுவார். போர்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய போர்டைக் கையோடு வாங்குங்கள், அதற்கும் சந்தையில் விலை உண்டு.

கிராஃபிக்ஸ் சிப் கோளாறுக்கு ஹாட் ஏர் காட்டிச் சரிசெய்வது இன்னொரு பழைய வித்தை. சூட்டில் உள் இணைப்புகள் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும், திரை வரும், சில வாரங்களில் மறுபடி போகும். “சிப் புதுசா போடுறீங்களா, சூடு மட்டும் காட்டுறீங்களா?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மெஷினை வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன்பே, கவுண்டரிலேயே சரிபாருங்கள். டாஸ்க் மேனேஜரையும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவையும் திறந்து பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். ‘புது’ எஸ்எஸ்டி பல நூறு மணிநேரம் ஓடியதாகக் காட்டினால் அது புதிதில்லை. திரை மாற்றியிருந்தால் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். நிறங்கள் இருண்டு தலைகீழானால் டிஎன். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் போங்கள். வீட்டு லேப்டாப்பில் ‘நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ என்று வந்தால் திருட்டு விண்டோஸ் ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸோடு வாங்கிய மெஷினுக்கு இது வீண் வேலை. லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டப்பட்டது, அதே எடிஷனை மறுபடி ஏற்றினால் இணையத்தில் தானாக ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன் பட்டியல் (வைரஸ் சோதனையிலிருந்து விலக்கியவை) காலியாக இருக்கிறதா, தூரத்திலிருந்து மெஷினை இயக்கும் எனிடெஸ்க் ஏதாவது விட்டுவைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஜிஎஸ்டி பில் கேளுங்கள், யுபிஐயில் கட்டுங்கள், மாற்றிய பாகத்தின் வாரண்டியைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் முதலில் வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சொல்லுங்கள், பிறகு ஸ்பீட் போஸ்ட்டில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே கேட்கப்போவது அந்த ஜாப் ஷீட்டையும் பில்லையும்தான்.