மேனேஜர் பட்டியலைப் பார்த்துத்தான் டிக் போட்டாரா? அளந்து பார்க்கும் முறை

கும்பகோணத்தில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் உள்தணிக்கை என் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கிளை மேனேஜரின் திரைக்கும் ஒரு பட்டியல் போகும். எந்த ஊழியருக்கு சாஃப்ட்வேரில் என்னென்ன ஆக்சஸ் (எதையெல்லாம் செய்யும் உரிமை), தொடரலாமா, எடுத்துவிடலாமா என்று அவர் டிக் போட வேண்டும். எல்லாக் கிளையும் முடித்துவிட்டால் நூற்றுக்கு நூறு என்றுதான் வெகுநாள் எழுதிவந்தேன்.

ஒரு மாசியில் மன்னார்குடி கிளைக்குப் போனேன். பாபநாசத்துக்கு மாற்றலாகி எட்டு மாதம் ஆன ஒருவருக்கு மன்னார்குடிக் கடன்களை அப்ரூவ் செய்யும் உரிமை அப்படியே இருந்தது. மேனேஜர் இரண்டு முறை ‘தொடரலாம்’ போட்டிருந்தார். நேரப்பதிவில் 112 வரிக்கு 4 நிமிடம். ஒரு வரிக்கு இரண்டு வினாடி, பெயரை வாசிக்கவே பத்தாது.

ஆகவே முதலில் நேரத்தை வரிகளால் வகுத்துப் பாருங்கள். எங்கே தோண்டுவது என்று தெரியும், அவ்வளவுதான். ஐந்து பேர் உள்ள கிளையில் சீக்கிரம் முடிவது குற்றமில்லை.

அசல் சோதனை, தெரிந்தே தவறான வரிகளைப் பட்டியலில் கலப்பது. நான் மூன்று கலக்கிறேன்: வேலையை விட்டுப் போனவர் ஒருவர், மாற்றலானவர் ஒருவர், கடனைப் பதிவதும் அப்ரூவ் செய்வதும் ஒருவர் கையிலேயே இருப்பதாக ஒன்று. பட்டியலில் மட்டும்தான்; சாஃப்ட்வேரில் நிஜ உரிமையைத் திறந்துவிடாதீர்கள். ஐடி தலைவருக்கும் ஒரு மேலதிகாரிக்கும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வரிகளை மாற்ற வேண்டும், நீடாமங்கலத்துக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் மன்னார்குடிக்குத் தெரிந்துவிடும். மூன்றை வைத்து யாரையும் எடைபோட முடியாது. நான்கு சுற்றில் சேரும் பன்னிரண்டில் எத்தனை பிடித்தார் என்று பாருங்கள்.

பயத்தில் எல்லாவற்றையும் வெட்டுபவரும் உண்டு. எடுத்ததில் எத்தனை உரிமை இரண்டு வாரத்தில் திரும்பக் கேட்டு வருகிறது என்பதையும் எண்ணுங்கள்.

அப்புறம் ‘தொடரலாம்’ போட்டதில் பத்து வரியைப் பொறுக்கி, போன் போட்டு, “இவருக்கு இது எதுக்குங்க?” என்று கேளுங்கள். “சனிக்கிழமை கேஷியர் லீவு, அன்னிக்கு இவர்தான் கவுன்ட்டர்” என்றால் அவர் பார்த்திருக்கிறார். “முன்னாடியிலேர்ந்தே இருக்குதுங்க” என்றால் பார்க்கவில்லை.

எடுக்கச் சொன்னது நிஜமாக எடுபட எத்தனை நாள் ஆனது என்பது ஐடியின் கணக்கு. மேனேஜர் தலையில் வைக்காதீர்கள்.

மதிப்பெண் போடுமுன் நம் பட்டியலையும் பாருங்கள். ‘எல்என்-ஏபிஆர்-02’ என்று இருந்தால் எந்த மேனேஜருக்குப் புரியும்? ‘2 லட்சம் வரை நகைக்கடனுக்கு ஒப்புதல் தரலாம்’ என்று மாற்றினேன். மறுசுற்றிலேயே கேள்வி கேட்டு நாலைந்து போன் வந்தது.

ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்தால் குறுவைச் செலவுக்கு நகையோடு சனம் வரிசையில் நிற்கும். அந்த வாரங்களில் நான் பட்டியல் அனுப்புவதில்லை. நடவு முடிந்து கவுன்ட்டர் ஓயட்டும் என்று காத்திருக்கிறேன்.