வறண்ட ஆண்டில் ஊரின் தண்ணீரை அளந்து பங்கிடுவது எப்படி

மழை பொய்த்த ஆண்டில் ஒரு சிற்றூர் வழக்கமாகச் செய்யும் முதல் வேலை, இன்னும் ஆழமாக ஓர் ஆழ்துளைக் கிணறு போடுவது. இரண்டாவது வேலை, லாரியில் தண்ணீர் அனுப்பும்படி மனு எழுதுவது. இரண்டுமே தேவைப்படலாம். ஆனால் கையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது வாரத்துக்கு எவ்வளவு குறைகிறது, அதில் எவ்வளவு யாருக்கும் பயன்படாமல் மண்ணுக்குள் போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் செய்யப்படும் எந்த ஏற்பாடும் சில வாரங்களில் குலைந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டி அளவிலிருந்து தொடங்குகிறது. பெரும்பகுதி, ஊரின் குடிநீர்ப் பொறுப்பில் இருப்பவர்களுக்கானது. வீட்டளவில் செய்ய வேண்டியவை பிற்பகுதியில் வருகின்றன.

கிணற்றை அளத்தல்

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நீளமான எஃகு அளவு நாடா ஒன்றின் நுனியில் சிறிய எடையைக் கட்டி, கடைசி ஒரு மீட்டருக்குச் சாதாரணச் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். நாடாவைக் கிணற்றுக்குள் மெதுவாக இறக்கி, 25 மீட்டர் போன்ற ஒரு முழு எண் குழாயின் விளிம்போடு சேரும்போது நிறுத்தி, பிறகு மேலே இழுத்துப் பார்த்தால், சுண்ணம் நனைந்த இடத்தில் நிறம் மங்கி ஒரு தெளிவான கோடு தெரியும். அந்தக் கோடு நுனியிலிருந்து 62 சென்டிமீட்டரில் இருந்தால், தண்ணீர் 24.38 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்று பொருள். குடிநீர்க் கிணற்றுக்குள் போகும் நாடாவையும் எடையையும் ஒவ்வொரு முறையும் குளோரின் நீரில் துடைத்த பிறகே இறக்க வேண்டும்.

ஒரே கிணற்றில் மூன்று அளவுகள் வேண்டும். விடியற்காலையில் மோட்டார் போடுவதற்கு முன் ஒன்று. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய பின் ஒன்று. நிறுத்திய பிறகு மட்டம் பழைய நிலைக்கு ஏற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது மூன்றாவது. என் மதிப்பில் இந்த மூன்றாவது அளவே முக்கியமானது. காலை மட்டம் அவ்வளவாக மாறாமல் இருக்கும்போதே, ஊற்று மீள எடுக்கும் நேரம் 40 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணியாகவும் மூன்று மணியாகவும் நீளத் தொடங்கினால், கிணறு களைத்துவிட்டது என்று அறியலாம். அப்போது ஒரே மூச்சாக ஆறு மணி நேரம் இறைப்பதை விட்டு, ஒரு மணி நேரம் இறைத்து, ஊற்று ஏறும்வரை காத்திருந்து மீண்டும் இறைக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் எரிந்துபோவதோடு, மணலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு மழை வந்தாலும் அந்தக் கிணறு பழையபடி கொடுப்பது அரிது.

குளத்தை நம்பும் ஊர் ஒரு தோற்றப் பிழையில் எளிதில் ஏமாறும். ஆழம் பாதியாகக் குறைந்தால் தண்ணீரும் பாதி இருக்கிறது என்றே கண்ணுக்குப் படும். குளம் அடியை நோக்கிக் கூம்பாகக் குறுகிச் செல்வதாக இருந்தால், பாதி ஆழத்தில் எஞ்சியிருப்பது முழுக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்குதான். ஆவியாதலும் சிறிய இழப்பு அன்று. கடும் வெயிலில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாவதாக வைத்துக்கொண்டால், ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பிலிருந்து தினமும் 60,000 லிட்டர் வானத்துக்குப் போகிறது; தலைக்கு 20 லிட்டர் என்றால் 3,000 பேருக்கான தண்ணீர் அது. எனவே குளமும் கிணறும் இரண்டும் உள்ள ஊர், குளத்து நீரை முதலில் பயன்படுத்தி, வெயில் தொடாத நிலத்தடி நீரைப் பின்னுக்கு வைத்துக்கொள்வதே பெரும்பாலும் சரியான வரிசை.

இரவில் கசிவைத் தேடுதல்

ஊர் உறங்கும் நள்ளிரவு 2 மணி முதல் 4 மணி வரை, மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, வெளியேறும் வால்வை மட்டும் திறந்து வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். தொட்டியின் தரை 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் இறக்கம் 200 லிட்டர். இரண்டு மணி நேரத்தில் மட்டம் 15 சென்டிமீட்டர் இறங்கினால் 3,000 லிட்டர் எங்கோ போயிருக்கிறது. மறுநாள் இரவு, தெருவாரியாக வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தால், எந்த வால்வை மூடியதும் இறக்கம் நிற்கிறதோ அந்தத் தெருவில்தான் ஓட்டை. இடத்தை இன்னும் நெருங்கிக் காண, ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாய் மீதோ வால்வு மீதோ வைத்து மறுமுனையைக் காதருகே பிடித்தால், கசிவு இருக்கும் பக்கத்தில் விடாத சீறல் ஒலி கேட்கும். வறட்சி இதில் ஒரு சிறு உதவியும் செய்கிறது: ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றால், அங்கே தோண்டிப் பார்ப்பது வீண் போகாது.

பங்கிடுதல்

பேரிடர்க் கால உதவிப் பணிகளுக்கான ஸ்பியர் கையேடு, குடிக்கவும் சமைக்கவும் உடல் தூய்மைக்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று வரையறுக்கிறது. 2018-இல் கேப் டவுன் நகரம் தன் மக்களுக்கு விதித்த உச்சவரம்பு 50 லிட்டர். உங்கள் ஊரின் எண் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே விழுகிறது என்பதைக் கிணற்றின் அளவுகளே சொல்லும்.

பொதுக்குழாய்களின் எண்ணிக்கையையும் இதே கணக்கால் முடிவு செய்யலாம். நிமிடத்துக்கு 7.5 லிட்டர் தரும் ஒரு குழாய்க்கு 250 பேர் என்பது மேற்சொன்ன கையேட்டின் வரம்பு. தலைக்கு 15 லிட்டர் என்றால் அவர்களுக்கு 3,750 லிட்டர் வேண்டும். குழாய் இடைவிடாமல் 500 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேலாக, ஓடியாக வேண்டும். ஒரு குழாயில் 600 பேரை நிறுத்திவிட்டு அவர்கள் சண்டையிடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை. வரிசையில் காத்திருப்பு அரை மணியைத் தாண்டினால் குழாய்களையோ நேரத்தையோ கூட்ட வேண்டும் என்று கொள்ளலாம். குடம் சுமக்க முடியாத முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள் உள்ள வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வைக்க வேண்டும். அதைத் தனிமனித நல்லெண்ணத்துக்கு விட்டுவிடக் கூடாது.

நேர அட்டவணையை ஒருமுறை அறிவித்தால், அதில் பிசகாமல் நிற்க வேண்டும். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத வீடுகளில் குழாயை இரவெல்லாம் திறந்தே வைப்பார்கள். புதிய நீர் வந்ததும் நேற்றுப் பிடித்ததைக் கொட்டிவிடுவார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை என்றாலும் சொன்ன நேரத்தில் வருகிற நீர், தினமும் தாறுமாறாக வருகிற நீரைவிடக் குறைவாகவே வீணாகிறது. கிணற்றின் காலை மட்டத்தையும் அன்று வழங்கிய அளவையும் எல்லோரும் பார்க்கும் பலகையில் எழுதிவைத்தால், பாதி வதந்திகள் பிறக்கவே பிறக்காது.

ஊரின் கணக்கு ஊரெல்லையோடு நின்றுவிடாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். கலிபோர்னியாவின் ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற சிற்றூரில் 2014-ஆம் ஆண்டு வறட்சியின்போது நூற்றுக்கணக்கான வீடுகளின் கிணறுகள் வற்றின. ஆழம் குறைந்த வீட்டுக் கிணறுகளே முதலில் வீழ்ந்தன. ஒரே நீர்த்தாங்கியிலிருந்து, அதாவது நிலத்தடியில் நீரைத் தேக்கிவைத்திருக்கும் ஒரே மண், பாறை அடுக்கிலிருந்து, பாசனத்துக்கு இறைக்கும் ஆழக் கிணறுகளின் உரிமையாளர்களோடு, மட்டம் இறங்குவதற்கு முன்பே இறைக்கும் நேரத்தைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்தப் பேச்சு எந்த ஊரிலும் கடினமானதுதான், ஆனால் கிணறு வற்றிய பின் பேசுவது அதைவிடக் கடினம்.

குடிக்கத் தகுதியாக்குதல்

விட்டு விட்டு நீர் வரும் குழாயில், நீர் நிற்கும் நேரத்தில் அழுத்தம் குறைந்து, விரிசல்கள் வழியாகச் சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே முதல் சில நிமிடங்கள் வரும் நீரைத் தனி வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பதற்கானதைக் கொதிக்க வைப்பது நம்பகமான வழி: நீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் போதும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமான இடங்களில் மூன்று நிமிடம். எரிபொருளும் அரிதாக இருந்தால், மணமோ நிறமோ சேர்க்காத 5 சதவீத பிளீச்சிங் திரவத்தை, தெளிந்த நீருக்கு லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி, 30 நிமிடம் மூடிவைக்க வேண்டும். கலங்கிய நீரை முதலில் தெளியவைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். லாரி நீராக இருந்தால், அந்தத் தொட்டி முன்பு எதை ஏற்றியது என்று கேட்டறிவது பொறுப்பாளரின் கடமை. எண்ணெயோ ரசாயனமோ ஏற்றிய தொட்டியைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்ற சமாதானத்தை ஏற்கக் கூடாது.

நிலத்தடி நீர் கீழே இறங்கும்போது உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவை கூடக்கூடும். இவை கொதிக்க வைப்பதால் நீங்குவதில்லை. நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். சுவை மாறினாலோ, புதிதாக ஆழப்படுத்திய கிணற்றைத் திறந்தாலோ, ஆய்வகச் சோதனை முடியும் வரை கைக்குழந்தைகளின் பால் மாவுக்கு அந்த நீரைப் பயன்படுத்த வேண்டாம்.

வீட்டில்

குடிநீரை வாய் குறுகிய பாத்திரத்தில் மூடி வைத்து, கை நனைக்காமல் சாய்த்தோ குழாய் வழியாகவோ எடுக்க வேண்டும். சேமிப்புத் தொட்டிகளை வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவாவிட்டால், வறட்சியின் நடுவிலும் டெங்கு பரப்பும் கொசு பெருகும். முட்டைகள் சுவரில் ஒட்டியிருப்பதால் நீரை மட்டும் ஊற்றிவிடுவது போதாது. குளித்த நீரும் துணி அலசிய நீரும் கழிப்பறைக்கும் மரங்களுக்கும் போகட்டும், ஆனால் ஒரு நாளுக்கு மேல் தேக்கிவைத்தால் நாறும். கை கழுவுவதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மூடியில் சிறு துளையிட்ட ஒரு பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தால், அரைக் குவளை நீரில் சோப்புப் போட்டு நன்றாகவே கழுவ முடியும்.

கூரையை மழைக்கு முன்பே தயார் செய்யுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 80 சதுர மீட்டர் கூரையில் 15 மில்லிமீட்டர் பெய்தால் 1,200 லிட்டர். சிதறலும் முதலில் கழித்துவிட வேண்டிய அழுக்கு நீரும் போக, ஏறத்தாழ 900 லிட்டர் தேறும்.

முதல் பெருமழை பெய்த மறுநாளே பங்கீட்டை விலக்கும்படி ஊர் கேட்கும். மண் முதலில் தன் வறட்சியைத் தீர்த்துக்கொள்ளும். நிலத்தடியில் ஏற்றம் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். வெள்ளம் புகுந்த கிணற்றைக் குளோரின் இட்டுத் தூய்மைப்படுத்திய பிறகே திறக்க வேண்டும். சுண்ணம் தடவிய அதே நாடாவில், இறைக்கும் அளவை மாற்றாமலேயே விடியற்கால மட்டம் தொடர்ந்து நான்கு வாரங்கள் ஏறினால், தலைக்கு ஐந்து லிட்டர் கூட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமும் அளந்து பாருங்கள்.