பிளை தடியும் என் பிழைகளும்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் பின்னேரம் போய் நின்றால் இப்போது பிளை தடியோடு, அதாவது பூச்சி மாதிரிக் கட்டிய பொய் இரையை வீசி மீன் பிடிக்கிற தூண்டில் தடியோடு, ஒன்றிரண்டு புது முகங்களைக் காணலாம். சந்தோஷம்தான். ஆனால் பத்து நிமிடம் பக்கத்தில் நின்றால் போதும், என் பழைய பிழைகள் ஒவ்வொன்றாக என் கண் முன்னாலேயே நடக்கத் தொடங்கும். முடிச்சுக் கழன்றது, கொக்கி தொப்பியில் கொழுவியது போன்றவற்றை விடுகிறேன். அதெல்லாம் ஒரு கிழமையில் தானாகத் திருந்தும்.

ஐந்தாம் எண் தடியோடு கடலுக்கு வருவது

சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் பாரம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். பிளை என்பதோ மயிரும் நூலும் சுற்றிய ஒரு கொக்கி. அதற்குச் சொல்லும்படி பாரம் கிடையாது. லைன் என்கிற தடித்த தூண்டில் நூலின் பாரம்தான் அதைக் கொண்டுபோய்ப் போடுகிறது. அதனால்தான் லைனுக்கும் தடிக்கும் எண் போடுகிறார்கள். ஐந்தாம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது 9 கிராம் அளவு. எட்டாம் எண் 210 கிரெயின், 13.6 கிராம்.

நுவரெலியாவில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனுக்கு ஐந்து போதும். இங்கே சோளகக் காற்று அடிக்கிற நாளில் ஐந்தாம் எண்ணை வீசினால் அது சுழன்று உங்கள் காதிலேயே வந்து விழும். எட்டு எடுங்கள்.

கண் அளவில் எப்பொக்சி கலப்பது

தடியை நாமே கட்டும்போது, லைன் ஓடும் வளையங்களைச் சுற்றிய நூலுக்கு மேல் பூசும் எப்பொக்சிப் பசையில் பிசினும் இறுக்கியும் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று. அளந்து ஊற்றுங்கள். இறுக்கியைக் கொஞ்சம் கூட விட்டால் கெதியாகக் காயும் என்று நினைத்தால், அது காயவே காயாது. மாரிகால ஈரமும் சேர்ந்தால் ஒரு கிழமை கழித்தும் விரல் ஒட்டும்.

நுனி வளையத்தை எப்பொக்சியால் ஒட்டுவது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் முதல் தடி ஒன்பது அடி, நாலு துண்டு, எட்டாம் எண். பிளாங்க் என்கிற வெறுந்தடி வெளிநாட்டில் இருந்து ஒரு சொந்தக்காரரின் பெட்டிக்குள் வந்தது. கோர்க்கைத் தேய்த்துப் பிடி செய்து, ஒவ்வொரு வளையமாக நூல் சுற்றி, ஒன்றரை மாதம் இரவிரவாக இருந்து கட்டினேன். நுனி வளையம் உறுதியாக இருக்கட்டும் என்று அதன் சின்னக் குழாய்க்குள் எப்பொக்சியை நிறைத்து ஏற்றினேன். பொன்னாலைப் பாலத்தடியில் முதல் நாள். பிடிப்பக்கமாக ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறேன். மற்ற வளையங்கள் எல்லாம் ஒரே வரிசை. நுனி மட்டும் கழுத்துச் சுளுக்கியவன் மாதிரி இடப்பக்கம் திரும்பி நிற்கிறது.

அப்படியே விட்டிருக்கலாம். மீனுக்கு அது தெரியப்போவதில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, குசினியில் வைத்து லைட்டரைப் பிடித்தேன். லேசில் இளகவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்ததில் கருகல் மணம் வந்தது, பிறகு வளையமும் வந்தது. நேராக்கித் திரும்ப ஒட்டினேன். அடுத்த ஞாயிறு, மூன்றாவது வீச்சில் 'டிக்' என்று ஒரு சத்தம். நுனியில் நாலு விரற்கடைத் துண்டு லைனில் தொங்கிக்கொண்டிருந்தது.

கார்பன் நாரைக் கட்டிப் பிடித்துத் தடியாக்கி வைத்திருப்பதும் எப்பொக்சி வகைதான் என்பது அப்புறம்தான் விளங்கியது. பசையை இளக்க நான் கொடுத்த சூடு தடியையும் பதம் பார்த்துவிட்டது. நுனித் துண்டு தனியாகக் கிடைக்காது என்று விற்றவர் கையை விரித்துவிட்டார். முழுப் பிளாங்கையும் திரும்ப வாங்கினேன்.

இன்றைக்கும் எரிச்சல் வருவது எதற்கென்றால், அந்த இடத்துக்கு அவ்வளவு பிடிப்புத் தேவையே இல்லை. மீன் இழுக்கும்போது லைன் அந்த வளையத்தைத் தடியோடு சேர்த்துத்தான் அழுத்தும், கழற்றி எடுக்கும் பக்கம் இழுக்காது. மறுபக்கம், உப்பும் மணலும் ஏறிய லைன் ஓடி ஓடி நுனி வளையத்தில் பள்ளம் விழும். என்றைக்கோ ஒருநாள் மாற்றித்தான் ஆகவேண்டும்.

பிள்ளைகளின் கைவேலைக்குப் புத்தகக் கடையில் விற்கிற, சூட்டில் உருகும் பசைக்குச்சி போதும். பிளேட்டால் ஒரு சீவல் எடுத்துக் குழாய்க்குள் போடுங்கள். வளையத்தைக் குறட்டால் பிடித்து லைட்டரில் காட்டுங்கள். சூடு உலோகத்துக்கு மட்டும், தடிக்கு இல்லை. பசை உருகியதும் நுனியில் செருகி, இறுகுவதற்குள் வரிசை பார்த்துத் திருப்புங்கள். கோணிப்போனாலும் பயமில்லை. கொதித்த தண்ணீரில் கொஞ்ச நேரம் பிடித்தால் கழன்றுவரும். (வெயிலில் பூட்டிக் கிடக்கிற வாகனத்துக்குள் தடியை விட்டாலும் பசை இளகும். விடாதீர்கள்.)

போன மாதம் பக்கத்து ஒழுங்கைப் பெடியன் ஒருவன் தன் புதுத் தடியைக் கொண்டுவந்து காட்டினான். நுனி வளையம் கோணல்.

"என்னத்தாலை ஒட்டினனீ?"

"எப்பொக்சி அண்ணை. கழரக் கூடாதெண்டுதான்."

"சரி, இனிக் கழராது."

மேசையில் கிடந்த லைட்டரை எடுத்து என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கோணல் வளையத்தோடேயே வீசுகிறான். முந்தாநாள் ஒரு பாரையும் பிடித்துவிட்டான்.

மீன் கடித்ததும் தடியைத் தூக்குவது

ட்ரவுட்டுக்குச் சரி. பாரைக்கும் சீலாவுக்கும் தடி நுனி தண்ணீரைப் பார்த்தபடியே இருக்கட்டும். மற்றக் கையால் லைனை நீளமாக ஒரு இழுவை இழுங்கள். தடியைத் தூக்கினால் அது வளைந்து கொடுக்கும், கொக்கி ஏறாது.

களங்கண்டிக்குப் பக்கத்தில் வீசுவது

கடலில் கம்பு நட்டு வலை கட்டிய அந்த மீன்பொறி இன்னொருவருடைய சோறு. தள்ளிப் போங்கள்.

மின்கம்பிக்குக் கீழே வீசுவது

கார்பன் மின்சாரம் கடத்தும். இடி முழங்கினாலும் அதே கதைதான்.

துண்டுகளை ஒருமுறை பொருத்திவிட்டு மறப்பது

வீச வீச இளகும். அரை மணிக்கு ஒருக்கால் தொட்டுப் பாருங்கள்.

கழுவாமல் வைப்பது

நல்ல தண்ணீர். அன்றைக்கே. லைன் சுற்றும் றீலையும்.