விலை ஏறவில்லை, பாக்கெட்தான் இளைத்திருக்கிறது

குன்னூரில் மளிகை வாங்கிவிட்டு பில்லைப் பார்த்ததும் ‘மலைன்னா விலை கூடத்தானே இருக்கும்’ என்று நாமே சமாதானம் ஆகிவிடுகிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து சரக்கு ஏறி வரும் வாடகை இருக்கிறது, சரி, ஆனால் எல்லாப் பழியையும் லாரி மேல் போட வேண்டாம்.

போன வாரம் குளியல் சோப்பு வாங்கினேன், அதே 40 ரூபாய். ஜன்னல் ஓரம் கிடந்த பழைய உறையை எதேச்சையாக எடுத்துப் பார்த்தால் அதில் 100 கிராம், புதியதில் 90. அதாவது கிராமுக்கு 40 பைசாவாக இருந்தது 44 பைசாவைத் தாண்டிவிட்டது, சுமார் 11 சதவீதம், ஒரு ரூபாய்கூட ஏற்றாமலேயே!

அதனால் எம்ஆர்பியோடு நிற்காதீர்கள். அதன் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள், எழுத்து எறும்பு சைஸில் இருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய பாக்கெட்தான் லாபம் என்பது சில நேரம் பொய் என்று அப்போது தெரியும்.

காய்கறிக்கு வேறு கணக்கு. மே மாத சீசன் கூட்டத்தில் விற்கும் விலையை மார்ச்சோடு ஒப்பிட்டுப் புலம்பிப் பயனில்லை, போன வருட மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அரசு சொல்லும் பணவீக்க சதவீதமும் அப்படிப் போடுவதுதான். கேரட், உருளை, டீத்தூள் மூன்றின் விலையை மட்டும் மாதக் காலண்டர் கட்டத்தில் குறித்து வைத்தால் போதும்.

அப்புறம், உழவர் சந்தையில் மண்ணோடு கேரட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கழுவியதைவிட நாள் தாங்கும், நம் ஊர்க் குளிருக்கு ஃபிரிட்ஜ்கூட வேண்டாம்.