இன்னோ செட்டப்பில் கிளை மெனுவுக்கு ஒரு சாய்கோடு போதும்

இன்ஸ்டாலரில் பயனர் டிக் செய்யும் பட்டியலைக் கிளை கிளையாகக் காட்ட, விண்டோஸ் இன்ஸ்டாலர் உருவாக்கும் கருவியான இன்னோ செட்டப்பின் ஸ்கிரிப்ட்டில் கம்போனன்ட்ஸ் பகுதியில் பெயருக்குள் ஒரு பின்சாய்கோடு போட்டாலே போதும். முதல் வரியில் ஹெல்ப், அடுத்த வரிகளில் ஹெல்ப்\தமிழ், ஹெல்ப்\இங்கிலீஷ் என்று ஆங்கில எழுத்துகளில் எழுதுங்கள். திரையில் தெரியும் விளக்கத்தைத் தமிழிலேயே வைக்கலாம்.

ஒரு பெயரில் எத்தனை சாய்கோடோ, அத்தனையாவது நிலை. அதற்கு மேலே உள்ள வரிகளில் ஒரு நிலை குறைவாக, மிக அருகில் இருப்பதே அதன் தாய் (மேல் கிளை) ஆகிவிடும். அதனால் வரிசை முக்கியம், வரியை இடம் மாற்றினால் பிள்ளை வேறு தாயிடம் போய்விடும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது: தாய்க்கென்று தனியாகக் கோப்பு எதையும் இணைக்காவிட்டால், பிள்ளைகள் எல்லாவற்றையும் அன்டிக் செய்ததும் தாயின் டிக்கும் தானாகப் போய்விடும். பிள்ளைகளில் ஒன்றை மட்டும்தான் தேர்வு செய்ய வேண்டுமா? அந்தப் பிள்ளை வரிகளில் எக்ஸ்க்ளூசிவ் என்ற கொடியை (ஃப்ளாக்) சேருங்கள்.

கூடுதல் வேலைகளைத் தேர்வு செய்யும் டாஸ்க்ஸ் பகுதியிலும் இதே முறைதான். ஸ்டார்ட் மெனுவுக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். ஷார்ட்கட்களுக்கான ஐகான்ஸ் பகுதியில் சாய்கோடு போட்டால் உள்கோப்புறை உருவாகும், ஆனால் விண்டோஸ் 10, 11 அதைத் தனிக் கிளையாகக் காட்டாது. என்எஸ்ஐஎஸ் என்ற வேறொரு இன்ஸ்டாலர் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கும் இது பொருந்தாது, அங்கே செக்‌ஷன்குரூப் எழுத வேண்டும்.