இஸ்ரேல்–பாலஸ்தீனப் போரின் அறம்: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்ரேலியர்களுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் இடையிலான போரைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இஸ்ரேல் உருவான 1948-இலோ, மேற்குக் கரையையும் காசாவையும் அது கைப்பற்றிய 1967-இலோ தொடங்கி, நிலம் யாருடையது, முதலில் அடித்தவர் யார் என்ற கேள்விகளிலேயே முடிந்துவிடுகிறது. அவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானே தெளிந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன. போர் தொடுக்க ஒருவருக்கு நியாயம் உண்டா என்பது ஒரு கேள்வி. தொடுத்த போரை அவர் எவ்வாறு நடத்துகிறார் என்பது வேறொரு கேள்வி. போர்ச்சட்டம் இவ்விரண்டையும் வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறது. போரிடும் எவரும் நியாயம் தம் பக்கமே என்றுதான் நம்புகிறார்கள். நியாயமுள்ளவருக்கு விதி தளரும் என்று ஒப்புக்கொண்டால், அந்த விதி ஒருவரையும் கட்டுப்படுத்தாது.

ஆக்கிரமிப்பின் கீழ் வாழும் மக்களுக்கு எதிர்த்துப் போரிடும் உரிமை உண்டு, ஆகவே 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து நடத்திய தாக்குதல் அந்த உரிமையின் வெளிப்பாடே என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முன்பாதிக்கு ஆதாரம் இருக்கிறது. ஐ.நா. பொதுச்சபையின் 1982-ஆம் ஆண்டுத் தீர்மானம் ஆயுதப் போராட்டம் உள்ளிட்ட வழிகளை ஏற்றுக்கொண்டது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறை, அந்நிய ஆக்கிரமிப்புக்கு எதிரான விடுதலைப் போர்களை நாடுகளுக்கிடையிலான போருக்கு இணையாக வைத்தது. ஆனால், பொதுமக்களைக் குறிவைக்கக் கூடாது என்ற கடமையைப் போராளிகள் மீது சுமத்துவதும் அதே நெறிமுறைதான். அன்று எல்லையோர இராணுவ முகாம்களைத் தாக்கியதை அந்த உரிமையின் பெயரால் வாதிடலாம். நிர் ஓஸ் போன்ற குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று கொன்றதையும், இசைவிழாவுக்கு வந்திருந்த இளைஞர்களைச் சுட்டதையும், சுமார் 250 பேரைப் பணயக்கைதிகளாகக் கொண்டுபோனதையும் அந்தப் பெயரால் வாதிட இயலாது. அன்று கொல்லப்பட்ட ஏறத்தாழ 1,200 பேரில் பெரும்பாலோர் பொதுமக்கள். வேளாண்மைப் பயிற்சிக்காக வந்திருந்த நேபாள மாணவர்கள் 10 பேரும் அவர்களுள் அடக்கம்.

இந்த இடத்தில்தான், கட்டாய இராணுவ சேவை உள்ள நாட்டில் பொதுமக்கள் என்று எவரும் இல்லை என்ற பழைய வாதம் தலைநீட்டும். சேவையை முடித்து வீட்டில் இருப்பவர், மீண்டும் அழைக்கப்பட்டுப் படையில் சேரும் வரை, பொதுமக்களில் ஒருவரே. இதன் மறுபிரதியை இஸ்ரேலியத் தரப்பிலும் கேட்டோம்: காசா மக்கள்தாம் ஹமாஸைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆகவே பொறுப்பு அவர்களுடையது என்று. பாலஸ்தீனச் சட்டமன்றத் தேர்தல் கடைசியாக நடந்தது 2006 ஜனவரியில். ஹமாஸ் அதில் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 44 விழுக்காடு. போர் தொடங்கியபோது காசாவில் வாழ்ந்த சுமார் 22 இலட்சம் பேரில் பாதிப் பேர் குழந்தைகள். அவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தல் நடந்தபோது பிறந்திருக்கவே இல்லை. அப்படியே எல்லோரும் வாக்களித்திருந்தாலும், வாக்களித்தவர் போராளியாகிவிடுவதில்லை. கூட்டுத் தண்டனையை 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை விதிவிலக்கின்றித் தடைசெய்கிறது.

மிக அதிகமாகக் குழப்பப்படும் சொல் ‘விகிதாசாரம்’. ஒரு பக்கம் 1,200 பேர், மறுபக்கம் காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 2025 அக்டோபருக்குள் 67,000-க்கும் மேற்பட்டோர். ஆகவே விகிதாசாரம் மீறப்பட்டது என்று தராசில் நிறுத்திக் காட்டுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட தாக்குதலுக்குச் சட்டம் வைக்கும் அளவுகோல் இதுவன்று. அந்தத் தாக்குதலால் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்படும் நேரடியான இராணுவப் பயனோடு ஒப்பிட, பொதுமக்களுக்கு நேரும் என்று எதிர்பார்க்கப்படும் இழப்பு அளவுக்கு மீறியதா என்பதே கேள்வி. குண்டு விழுமுன், தளபதியின் கையில் இருந்த தகவலை, அல்லது அவர் முயன்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தகவலை வைத்தே அது எடைபோடப்படுகிறது. மொத்த எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை என்று இதைப் படித்துவிடக் கூடாது: தற்காப்பின் பெயரால் நடக்கும் போர் அந்தத் தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டியதா என்று முழுப் போரையும் எடைபோடும் தனி விதி ஒன்று உண்டு, இழப்பு மாதக்கணக்கில் ஒரே விதமாகத் தொடரும்போது, ‘எதிர்பார்க்கவில்லை’ என்ற பதிலும் நம்பத் தகுதியை இழக்கிறது.

இந்த அளவுகோல் நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதற்கு, இன்று பலரும் மறந்துவிட்ட ஒரு நிகழ்வு சான்று. 2002 ஜூலை 22 இரவு, ஹமாஸின் இராணுவப் பிரிவுத் தலைவர் சலாஹ் ஷெஹாதேயைக் கொல்ல, காசா நகரின் நெரிசலான குடியிருப்பில் இஸ்ரேலிய விமானம் ஒரு டன் குண்டை வீசியது. அவரோடு அவருடைய மனைவியும் மகளும் உட்பட, பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அடுத்த ஆண்டு 27 இஸ்ரேலிய விமானிகள், குடியிருப்புப் பகுதிகளில் நடக்கும் இத்தகைய தாக்குதல்களில் பங்கேற்க மறுத்துக் கடிதம் எழுதினார்கள். இஸ்ரேல் அமைத்த விசாரணைக் குழு 2011-இல், விளைந்த இழப்பு விகிதாசாரத்தை மீறியது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அது உளவுத் தகவலின் பிழையால் நேர்ந்தது என்று சொல்லிக் குற்ற நடவடிக்கை தேவையில்லை என முடித்தது. இதற்கு நடுவே, 2003 செப்டம்பரில் ஷேக் அகமது யாசீன் உள்ளிட்ட ஹமாஸ் தலைவர்கள் ஒரே வீட்டில் கூடியிருந்தபோது, அக்கம்பக்கத்தாரின் உயிர் கருதிக் கால் டன் குண்டே வீசப்பட்டது. கீழ்த்தளத்தில் இருந்த தலைவர்கள் தப்பிவிட்டார்கள். விகிதாசார விதியைக் கடைப்பிடிப்பது என்றால் எதிரி தப்பிவிடக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்வதாகும். அந்த விலையைக் கொடுக்கத் தயாரில்லாத இராணுவம், விதியைக் கடைப்பிடிப்பதாகச் சொல்லிக்கொள்வது வெறும் பேச்சே என்பது என் எண்ணம்.

‘மனிதக் கேடயம்’ என்ற சொல்லும் விசாரணையை முடித்துவைக்கும் சொல்லாகப் பயன்படுகிறது. ஹமாஸ் குடியிருப்புகளுக்கிடையே இருந்து ஏவுகணைகளை ஏவியதும், அவற்றின் அடியில் சுரங்கங்களை அமைத்ததும் உண்மை. 2014-இல் ஆளில்லாத தன் பள்ளிகளில் ஏவுகணைகளைக் கண்டெடுத்ததாக ஐ.நா. அகதிகள் முகமையே அறிவித்தது. அது குற்றம். ஆனால் அந்தக் குற்றம் எதிரியைத் தன் கடமையிலிருந்து விடுவிப்பதில்லை என்று கூடுதல் நெறிமுறையின் 51-ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. இஸ்ரேல் அந்த நெறிமுறையில் இணையவில்லை என்றாலும், பொதுமக்களைக் காக்கும் அதன் அடிப்படை விதிகள் வழக்காற்றுச் சட்டமாக எல்லோரையும் கட்டுகின்றன. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: தேடப்படுபவரின் வீட்டுக் கதவைத் தட்ட அண்டைவீட்டுப் பாலஸ்தீனரை முன்னே அனுப்பும் இராணுவ வழக்கத்தை 2005-இல் தடைசெய்தது இஸ்ரேலின் சொந்த உச்ச நீதிமன்றமே.

எச்சரிக்கை விடுத்தாயிற்று என்பதும் இதே வகை வாதம். 2023 அக்டோபர் 13 அன்று வடகாசாவிலிருந்த சுமார் 11 இலட்சம் பேரை 24 மணி நேரத்துக்குள் தெற்கே போகச் சொன்னது இஸ்ரேலிய இராணுவம். போருக்கு முன் பெண்டிரையும் பிணியாளரையும் அரண் தேடிப் போகச் சொல்லும் மரபைச் சங்கப் பாட்டும் அறியும்; போய்ச் சேர ஓர் அரண் இருக்கிறது என்பது அதில் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. 365 சதுர கிலோமீட்டர் கொண்ட, வெளியேற வழியற்ற நிலத்துக்குள் அந்த அனுமானம் செல்லாது. முதியவரும் நோயாளியும் நகராமல் நின்றுவிட்டால், அதனால் அவர்கள் போராளிகளாகிவிடுவதில்லை.

நீதிமன்றங்கள் சொன்னதை மிகைப்படுத்துவதும் பரவலாக இருக்கிறது. இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2024 ஜனவரி 26 அன்று இட்ட இடைக்கால ஆணையை, இனப்படுகொலை நடந்திருக்க வாய்ப்புண்டு என்ற தீர்ப்பாகப் பலர் எழுதினார்கள். இனப்படுகொலையிலிருந்து காக்கப்படும் உரிமை பாலஸ்தீனர்களுக்கு உண்டு என்பது ஏற்கத்தக்கது என்றே நீதிமன்றம் சொன்னது என, அப்போது அதன் தலைவராக இருந்த ஜோன் டோனஹியூ பின்னர் விளக்கினார். இனப்படுகொலையே நடந்தது என்று 2025 செப்டம்பரில் முடிவு கூறியது ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் அமைத்த விசாரணை ஆணையம். அது நீதிமன்றம் அன்று. மறுபுறம், இனப்படுகொலை நிரூபணமாகவில்லை என்றால் குற்றமே இல்லை என்று நினைப்பதும் பிழை. பட்டினியைப் போர்முறையாகப் பயன்படுத்துவது தன்னளவிலேயே போர்க்குற்றம். இஸ்ரேலின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் யோவ் கேலன்ட் 2023 அக்டோபர் 9 அன்று, மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை என்று முழு முற்றுகையை அறிவித்ததன் கனம் அங்கேதான் இருக்கிறது.

இரு தரப்புக்கும் ஒரே சட்டத்தைப் பொருத்தினால் இருவரையும் சமமாக்கிவிட்டதாக எண்ணுவது, படித்தவர்களிடமும் காணப்படும் தவறு. 2024 மே 20 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத் தொடுநர் கரீம் கான், ஹமாஸ் தலைவர்கள் மூவருக்கும் நெதன்யாகு, கேலன்ட் ஆகியோருக்கும் எதிராகப் பிடியாணை கோரியபோது, இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே மொழியில் சினந்தன: எங்களை அவர்களோடு எப்படி ஒப்பிடலாம் என்று. அவர் ஒப்பிடவில்லை. ஒரு பட்டியலில் கொலை, பணயக்கைதிகளைப் பிடித்தல், பாலியல் வன்முறை ஆகியவை இருந்தன. மற்றதில் பட்டினியைப் போர்முறையாக்கியதும் பொதுமக்களைத் தாக்கியதும் இருந்தன. ஹமாஸ் தலைவர்கள் மூவரும் விசாரணைக்கு வருமுன்பே கொல்லப்பட்டுவிட்டார்கள். 2024 நவம்பர் 21 அன்று மற்ற இருவருக்கும் பிடியாணை பிறப்பிக்கப்பட்டது.