செல் குரூப்ல நீங்க மட்டுமே பேசிட்டு இருக்கீங்களா? இதக் கொஞ்சம் பாருங்க

நம்ம சர்ச்ல யாரையாவது செல் லீடரா, அதாவது வாராவாரம் வீட்டுல கூடற சின்ன பைபிள் குழுவுக்குத் தலைவரா போட்டா போதும், அடுத்த வாரமே அவரு ஒரு குட்டி பாஸ்டர் ஆயிடுவாரு. நானும் அப்படித்தான் இருந்தேன். கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு பிளாட், வெள்ளிக்கெழம ராத்திரி எட்டு மணி கூட்டம், யூடியூப்ல நாலு பிரசங்கம் கேட்டு நோட்டு எழுதிக்கிட்டு வந்து நாப்பது நிமிஷம் நானே பேசுவேன், கடைசில "ஏதாவது கேள்வி இருக்கா"ன்னு கேப்பேன், ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க, ஆஹா எல்லாருக்கும் நல்லா புரிஞ்சிருக்குன்னு நெனச்சிக்குவேன். ஒரு நாள் லோரி ஓட்டுற அண்ணன் ஒருத்தரு ஒக்காந்த வாக்குலயே கொறட்ட விட ஆரம்பிச்சிட்டாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல லா, விடியக்காலைல எந்திரிச்சி போர்ட் கிளாங் போய்ட்டு வந்த மனுசன்.

பிரசங்கம் ஞாயித்துக்கெழம கேக்கத்தான் போறோம். வீட்டுக் கூட்டத்துல லீடரோட வேலை ரெண்டே ரெண்டு: கேள்வி கேக்கறது, கேட்டுட்டு சும்மா இருக்கறது. ரெண்டாவதுதான் உயிர் போகும்.

மொதல்ல கேள்விக்கு வருவோம். "இந்தப் பகுதில நாம என்ன கத்துக்கறோம்"னு கேட்டீங்கன்னா நம்ம ஆளுங்ககிட்ட பதில் கையிலயே இருக்கும், இன்னும் ஜெபிக்கணும் பிரதர், வேதம் வாசிக்கணும், விசுவாசத்துல வளரணும். தப்பான பதில் இல்ல. ஆனா எந்த அதிகாரத்துக்கும் அதே பதிலப் போடலாம், பைபிள தொறக்காமலே போடலாம். அந்தப் பதில் செல்லாத மாதிரி கேள்விய யோசிச்சி எழுதிட்டு வரணும், அதுக்குத்தான் உங்க தயாரிப்பு நேரம் போகணும், நோட்ஸுக்கு இல்ல.

லூக்கா 15ல கெட்ட குமாரன் கதைய எடுத்துக்குங்க, சொத்த வாங்கிட்டுப் போய் அழிச்ச இளைய மகன் திரும்பி வர்றான், அப்பா விருந்து வைக்கிறாரு, மூத்தவன் கோவிச்சிக்கிறான். எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதனாலயே யாரும் கவனிச்சி படிக்க மாட்டாங்க. நான் இப்ப மொதல்ல கதைக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் கேப்பேன். ஏசு இத யாருக்குச் சொல்றாரு? அதிகாரத்தோட ஆரம்பத்துக்குப் போய்ப் பாருங்கன்னா கண்டுபிடிச்சிருவாங்க, ஏசு பாவிகளோட சாப்பிடறாருன்னு அந்தக் காலத்து மதப் பெரியவங்களான பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுத்துக்கிட்டு இருக்காங்க. சரி, மூத்த மகன் கடைசில எங்க நிக்கிறான்? வெளிய. அவன்கிட்ட யாரு வந்தா? அப்பாவே வெளிய வந்து கெஞ்சறாரு. அவன் உள்ள போனானா இல்லையா? இங்கதான் எல்லாரும் பக்கத்தப் புரட்டுவாங்க, ஏன்னா போனான்னும் இல்ல, போகலன்னும் இல்ல, கதை அங்கேயே நிக்குது. இருவது வருசமா சர்ச்சுக்கு வர்ற ஆண்ட்டி ஒருத்தங்க "அட, இத நான் பாத்ததே இல்லையே"ன்னாங்க.

அப்புறந்தான் அர்த்தம், அதுக்கப்புறந்தான் வாழ்க்கை. வாழ்க்கைன்னு வரும்போது "நீங்க மூத்த மகனா இளைய மகனா"ன்னு கேக்காதீங்க, அது பரிட்ச மாதிரி ஆயிடும். நான் கேட்டது இதுதான்: நம்ம சொந்தத்துல கல்யாணங்காட்சிக்கு வராம வெளிய நிக்கிற அண்ணன் யாரு, அவரு பக்கம் என்ன நியாயம் இருக்கு? அவ்ளோதான். அப்பா வீட்ட யாரு பேருக்கு எழுதினாருன்னு, அம்மாவ கடைசி காலத்துல யாரு பாத்துக்கிட்டான்னு, பதினோரு வருசமா தம்பியோட பேச்சுவார்த்த இல்லன்னு, ஒண்ணொண்ணா வந்துச்சு. அந்த லோரி அண்ணன்தான் மொதல்ல பேசினாரு.

ஆனா சட்டுன்னு பேசிடல. கேள்வி கேட்ட ஒடனே ஒரு அமைதி வரும் பாருங்க, ஃபேன் சத்தம் மட்டும் கேக்கும், நமக்கு வேர்க்கும், ஒடனே நாமளே பதிலச் சொல்லிடுவோம். சொல்லாதீங்க. நான் பைபிளுக்கு அடியில விரல வச்சி பத்து எண்ணுவேன். சில நேரம் ரெண்டு தடவ பத்து. அவங்க யோசிக்கறாங்க, அவ்ளோதான்.

பெரியவங்க இருக்கும்போது சின்னவங்க பேச மாட்டாங்க, நம்ம வளர்ப்பு அப்படி. மூப்பர் அங்கிள் ஒரு பதிலச் சொல்லிட்டா கதவச் சாத்தின மாதிரி. அதுக்கு அங்கிள்கிட்ட சண்டையா போட முடியும், முன்னாடியே தனியா "அங்கிள், இன்னிக்கி புள்ளைங்க மொதல்ல பேசட்டும், நீங்க கடைசில சேத்துச் சொல்லுங்க"ன்னு மரியாதையா கேட்டுக்குவேன், மனுசன் சந்தோசமா ஒத்துக்குவாரு. ரொம்பப் பேசறவங்களுக்கு வேற வழி, எதுத்தாப்புல ஒக்காராம பக்கத்துல ஒக்காந்துக்குங்க, கண்ணு பாக்கலன்னா பாதி கொறஞ்சிரும். பேசாதவங்கள பேரச் சொல்லி இழுக்காதீங்க, மூணு மூணு பேரா பிரிச்சி விடுங்க, அங்க பேசிடுவாங்க.

பாஷையும் ஒரு பிரச்சன. பழைய திருப்புதல்ல, அதாவது பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புல, ஆஸ்தி, சொஸ்தம்னு வரும்போது காலேஜ் புள்ளைங்க முழிப்பாங்க, அவங்க போன்ல இங்கிலீஷ்ல படிக்கட்டும், பதில மலாய் கலந்தே சொல்லட்டும், விடுங்க. ஆளு பன்னெண்டுக்கு மேல போனா ரெண்டு குரூப்பா ஆக்கிடுங்க. பாட்டு ரெண்டு போதும், கித்தார் வச்சிருக்கிற தம்பிக்கி மனசு கஷ்டமா இருந்தாலும் பரவால்ல.

சில கேள்விக்கு பதில் கெடையாது. ஒரு பொண்ணு, "எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபிச்சீங்க, எங்கம்மா ஏன் செத்தாங்க"ன்னு கேட்டா ஒடனே எல்லாம் நன்மைக்குத்தான்னு ரோமர் 8:28ஐ எடுத்து நீட்டாதீங்க. தெரியலம்மான்னு சொல்லுங்க. அம்மாவப் பத்திக் கேளுங்க, பேசட்டும். பைபிள்ல புள்ளைங்களயும் சொத்தயும் எழந்து நின்ன யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் தரையில சும்மா ஒக்காந்திருந்தாங்க, வாயத் தொறந்த பெறகுதான் எல்லாம் கெட்டுச்சு.

இன்னொண்ணு, இத எழுதும்போதே எனக்குச் சங்கடமா இருக்கு. ஒரு அக்கா வீட்டுக்காரருக்கு ஆ லோங்கிட்ட, அதான் கந்துவட்டிக்காரன்கிட்ட, கடன் இருக்குன்னு அழுது ஜெபக் குறிப்பு சொன்னாங்க, நல்ல எண்ணத்துல யாரோ வேற வாட்சாப் குரூப்ல "ஜெபியுங்கள்"னு போட்டுட்டாங்க, ஞாயித்துக்கெழம அந்தக்கா சர்ச்சுக்கு வர்றதுக்கு முன்னாடியே விசயம் வந்துருச்சு. அப்புறம் மூணு மாசம் அவங்க வரல. அதுலேருந்து ஒவ்வொரு தடவையும் ஜெபக் குறிப்புக்கு முன்னாடி வாய்விட்டுச் சொல்றேன், இங்க பேசறது இங்கயே, எழுதி யாருக்கும் அனுப்பக்கூடாது, புருசன் பொஞ்சாதிக்குக் கூட கேட்டுட்டுத்தான். ஒரே ஒரு விதிவிலக்கு, யாராவது அடிவாங்கறாங்க, புள்ளைங்களுக்கு ஆபத்து, இல்ல உயிர விட்டுடலாம்போல இருக்குன்னு சொன்னா அத குரூப்ல வச்சிப் பேசிட்டு இருக்காதீங்க, அன்னிக்கே பாஸ்டர்கிட்ட போங்க, அரசாங்க உதவி லைன் தாலியான் காசே (Talian Kasih) 15999க்கு கூட ஒக்காந்து போன் போட்டுக் குடுங்க.

ஒம்பதே முக்காலுக்கு முடிங்க, பேச்சு சூடா இருந்தாலும். மறுநாள் வேலைக்குப் போறவங்க அடுத்த வாரமும் வரணும்ல. மீஹூன் கோரெங் சாப்பிட்டு முடிச்சி எல்லாரும் கெளம்பும்போது நீங்க மட்டும் ஒடனே தட்டு கழுவப் போயிடாதீங்க, லிப்ட் வரைக்கும் கூடப் போங்க. எங்க பிளாட்ல லிப்ட் வர ரொம்ப நேரம் ஆகும், உள்ள வாயே தொறக்காத ஆளுங்க அங்கதான் "அண்ணே, ஒரு நிமிஷம்"பாங்க.